தேதி பின்னர்

ஏப்ரல் நாலு, சனிக்கிழமை, காலை ஒன்பதரை.
மூன்று நாள் பயிற்சி ஆட்டம்.
பாகூர் மைதானத்து ஷெட்டில்
ஆணியில் தொங்கியது அந்தத் தாள்.
வருகிறவர்களின் விமானம், பேருந்து,
எத்தனை அறை, எத்தனை ஐஸ் பெட்டி,
மதியச் சாப்பாட்டில் காரம் ஆகாதவர் எத்தனை பேர்
என்பது வரைக்கும் அதில் இருந்தது.
என் பெயர் இல்லை.
பிட்ச் போடுகிறவன் பெயரை
எந்தத் தாளிலும் போடுவதில்லை.

மார்ச் இருபத்தி நாலு ராத்திரி எல்லாம் நின்றது.
புல் நிற்கவில்லை.

எனக்கு மஞ்சக்குப்பம். மைதானம் பாண்டிச்சேரி.
நடுவில் பெண்ணையாறு, ஆல்பேட்டை, முள்ளோடை.
பாதி கடலூர் எதற்காக அந்த எல்லையைத் தாண்டும் என்று
போலீசுக்குத் தெரியும்.
அந்தக் கடைகளே மூடிக்கிடந்தன.
"எங்க?"
"புல்லுக்குத் தண்ணி விட."
கான்ஸ்டபிள் பிலோமினா
முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.
"ஆளுக்கே பாஸ் இல்ல. புல்லுக்கா?"
மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.
நாலாம் நாள் அவளே தடுப்பை நகர்த்தி,
"புல்லு எப்படி இருக்கு?" என்றாள்.

தாளில் ஏப்ரலை அடித்து
செப்டம்பர் என்று எழுதச் சொன்னார்கள்.
பிறகு நவம்பர்.
நவம்பரில் வந்தது நிவர்.
தார்ப்பாயை ஈச்சங்காட்டில் தேடி எடுத்தேன்.
அடுத்த முறை போனில்
மாதத்தின் பெயரே சொல்லவில்லை.
"பின்னர்னு போடு."
போட்டேன்.
வாளி வாளியாக, குழாய் குழாயாக
அந்தப் பின்னருக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ரோலரை ஒருவனாக அசைக்க முடியாது.
கலிவரதன் வேண்டும்.
கிருமாம்பாக்கத்தில் அவன் தெருவைத்
தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.
இருபத்தெட்டு நாள்.
அவன் வருகிற வரை
ரோலரின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும்
புல் வெளுத்து, ரோலரின் வடிவத்தில் ஒரு படுக்கை.

வந்தான். பாதி உடம்பாக வந்தான்.
பாகூர் ஏரிக் களிமண்ணை ஒரு சிட்டிகை கிள்ளி
மூக்கில் வைத்தால் போதும் அவனுக்கு,
எத்தனை தண்ணீர், எத்தனை வெயில்,
நாளைக்குப் பந்து எழும்புமா, படுக்குமா,
எல்லாம் சொல்லிவிடுவான்.
நான் நகத்தை அழுத்திப் பார்க்கிறவன்;
அது வேறு கணக்கு.
அன்றைக்கும் கிள்ளினான். முகர்ந்தான்.
இன்னொரு இடத்தில் கிள்ளினான்.
"ஒண்ணும் வரலடா" என்றான்.
சோற்றில் வரவில்லை, பீடியில் வரவில்லை,
அதெல்லாம் பரவாயில்லை என்கிற மாதிரி
மண்ணை மட்டும் கையிலேயே வைத்திருந்தான்.

அடுத்த பிப்ரவரியில்
சுற்றுப்பயணம் நடந்தது.
ஒரே நகரம், ஒரே ஓட்டல், ஒரே வளையம்.
வீரர்கள் வெளியே வரவில்லை,
வெளியே இருந்தவர்கள் உள்ளே போகவில்லை.
புதுத் தாளில் பாகூர் என்ற வரி இல்லை.
இல்லாத வரிக்கு
ரத்து என்றும் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கும் ரோலர் இழுத்தோம்.
ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும்.
ட்யூட்டி முடிந்து ஸ்கூட்டியில் வந்தாள் பிலோமினா.
"இதுக்குத்தானா ஒரு வருஷம்
என் செக்போஸ்ட்டைத் தாண்டுன?"
காக்கி பேண்ட்டை ஒரு மடிப்பு மடித்தாள்.
காலேஜில் மீடியம் பேஸ் என்றாள்.
ஷெட்டில் இருந்த புதுப் பந்து,
பெட்டி பிரிக்காதது, விருந்தாளிகளுக்கு வைத்தது.
பிரித்தேன்.

எட்டே அடி ஓடி வந்து போட்டாள்.
நல்ல நீளத்தில் விழுந்து
ஸ்டம்பு நடாத இடத்தின் மேல்
விர்ரென்று எகிறிப் போனது.
பார்க்க யாருமில்லை, ஒரு கொக்கைத் தவிர.

கலிவரதன் மெல்லப் போய்
பந்து கொத்திய சிவப்புத் தழும்பின் பக்கத்தில்
முட்டி போட்டு,
முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி,
மூக்கைத் தரையில் வைத்தான்.
வெகுநேரம் எழவில்லை.
"வருதா?" என்றேன்.
தலையைத் தூக்காமல்,
"இன்னொண்ணு போடச் சொல்லு" என்றான்.