குமிழ்

வூட்ச் என்றால் போலிஷ் மொழியில் படகு.
ஆறுகளையெல்லாம் குழாய்க்குள் இறக்கி மூடிய ஊருக்கு
அப்படியொரு பெயர்.
இங்கே அலை வேண்டுமென்றால்
நாமேதான் வார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள் யாக்னா.
தொண்ணூற்றொன்பது, ஏப்ரல்.
அவள் வாயில் ஆணி இருந்தது, சரியாகக் கேட்கவில்லை.

பாழடைந்த நூற்பாலை. சாயப்பட்டறைக் கூடம்.
இயந்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள்.
கூரையில் பாதி ஆகாயம்.
தரை மட்டும் யாருக்கும் விலைபோகாமல்
வழவழவென்று கிடந்தது,
ஒரு மூலையில் இன்னும் நீலம்.

சிமெண்ட் பதினோரு மூட்டை.
டிராம் தண்டவாளம் மாற்றுகிற இடத்திலிருந்து எடுத்தோம்.
எடுத்தோம் என்றால் திருடினோம்.
குழந்தை வண்டியில் கிடத்தி, போர்த்தி,
ஒரு நடைக்கு ஒரு மூட்டை.
ஏழாவது நடையில் போலீஸ்காரர் ஒருவர்
சுரங்கப்பாதைப் படியில் வண்டிக்குக் கைகொடுத்தார்.
நல்ல கனம், என்ன கொடுக்கிறீர்கள் சாப்பிட என்றார்.
ஓல்கியெர்ட் யோசிக்காமல் சொன்னான்: மணல்.
அவர் சிரித்தார்.
நாங்கள் தெரு திரும்பும்வரை சிரிக்கவில்லை.

வளைவுக்கு அளவு ஓர் ஆணி, கொஞ்சம் நூல்,
யாக்னாவின் கை நீளம்.
கரணைக்குப் பதில் வாணலி மூடி.
விரலிடுக்கெல்லாம் வெந்து
அன்று ராத்திரி ரொட்டி பிய்க்க முடியவில்லை.
காயும் முன்பே செவெரின் இறங்கினான்.
பொறு என்று நாங்கள் கத்தியது
சுவரில் முட்டித் திரும்புவதற்குள் இறங்கிவிட்டான்.
இரண்டு கோடாய்ச் சக்கரத் தடம் கல்லாகிப்போனது.
கடைசிவரை அந்த இடத்தில் எல்லோருக்கும் இடறும்.
நினைவாக விட்டுவைத்தோம் என்று நினைக்க வேண்டாம்.
சிமெண்ட் தீர்ந்துவிட்டது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
எங்களுக்கு முழங்கால் சில்லுதான் நகர்ந்தது.

கல்லறைத் திருநாள் முடிந்த மறுவாரம்
அணைந்த விளக்குகளிலிருந்து மெழுகு சுரண்டி வருவோம்,
விளிம்பில் தேய்க்க.
யார் வீட்டு இறந்தவர்களோ
எங்கள் பலகைக்கு அடியில் வழுக்கிக்கொடுத்தார்கள்.

அப்புறம் அந்தச் சத்தம்.
சர்ரென்று ஓர் இழுப்பு,
ஒரு கணம் ஒன்றுமில்லை,
பிறகு தடால்.
அந்த ஒன்றுமில்லைக்காகத்தான்
பதினோரு மூட்டையும்.

இரண்டாயிரத்து நாலில் எல்லை திறந்தது.
ஓல்கியெர்ட் அயர்லாந்தில் காளான் பறிக்கப் போனான்.
யாக்னா பல்செட்டு வார்க்கிறாள், கை இன்னும் வெள்ளை.
செவெரினைப் பற்றி இருவர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.
ஆலையின் செங்கல்லைக் கழுவி அடுக்ககமாக்கி விற்றார்கள்.
நகராட்சி வேறொரு பூங்கா கட்டியிருக்கிறது,
தலைக்கவசம் கட்டாயம், எட்டு மணிக்குப் பூட்டு.
போனேன். வளைவில் ஒரு குறை இல்லை.
இரண்டு நிமிடம் நின்றேன்.

எனக்குத் துளைபோடுகிற வேலை.
போன மாதம் அதே ஆலை முற்றத்தில்,
கருங்கல் பெஞ்சுகளின் விளிம்பில்
சாணுக்கு ஒன்றாய் எஃகுக் குமிழ்,
பலகை வழுக்காமலிருக்க.
அறுபத்திரண்டு. நானே பொருத்தினேன்.
ஒன்றைத் தளர்த்தி விட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
இல்லை.
பசை ஊற்றி, முறுக்கி, நன்றாகவே பொருத்தினேன்.
அரைகுறையாய்ச் செய்தால் யாக்னா
வாணலி மூடியால் அடிப்பாள்.

ஆறாம் நாள் ஆபீசிலிருந்து போன்:
நடுப் பெஞ்சில் நாலு குமிழைக் காணோம்.
போய்க் குனிந்து பார்த்தேன்.
கிரைண்டரால் அறுத்திருக்கிறார்கள்,
கல்லில் கீறல் இல்லை,
பிசிரைக்கூட உரசி எடுத்திருக்கிறார்கள்.
விரல் வைத்தேன். மெழுகு.
கடையில் விற்கிற வாசனை மெழுகு, வெனிலா.

அந்த அளவுக் குமிழ் ஸ்டாக் இல்லை என்று
மேற்பார்வையாளருக்குச் செய்தி அனுப்பினேன்.
பையில் பதினெட்டு இருந்தது.
நடக்கும்போது கலகலத்தது.