துணைக்கால்

ஸ்கான் கட்டிலில் ஏறப் படி இல்லை.
தாதி ஒரு கதிரையை இழுத்து வைத்தா.
இருபத்தெட்டாம் கிழமை.
தொடையெலும்பை அளந்த டொக்டர்
இன்னொருக்கா அளந்தார்.

அந்த இரண்டாம் அளவை எனக்குத் தெரியும்.
முப்பத்தொரு வருசமாய்
தெருவில் எல்லோரும் அப்படித்தான் அளக்கிறார்கள்.

வெளி வாங்கில் இருந்த ஐயாவையும் கூப்பிட்டார்கள்.
இவ பிறக்கேக்கை உங்களுக்கு என்ன வயது?
நாற்பத்தெட்டு.

மல்லாவியில் அப்போது பொருளாதாரத் தடை.
சாப்பாடில்லை, அதுதான் என்றார் ஒருவர்.
பட்டினி என்றால் முழு உடம்பும் சிறுக்கும்,
கைகாலை மட்டும் பிரித்தெடுத்துச் சிறுக்க
பட்டினிக்குத் தெரியாது.
தைராய்டு பார்த்தார்கள், சரி. சிறுநீரகமும் சரி.
கிரகணத்தன்று பூசணி வெட்டினாள் தாய்
என்று ஊர் முடித்துவிட்டது.
ஐயாவும் அதைத்தான் நம்பினார்.
பிறகு கத்தி எடுக்கும்போதெல்லாம்
அம்மா என் காலைப் பார்ப்பாள்.

டொக்டர் கடுதாசியில் கீறிக் காட்டினார்:
குருத்தெலும்பின் வாசலில் ஒரு காவலாள்,
அளவோடு ‘நில்’ சொல்லவேண்டியவன்.
ஓமந்தைச் சாவடி மாதிரி என்றேன்.
சிரித்தார். ஓம், ஆனால் இவனுக்கு
சண்டை முடிந்த செய்தி வரவில்லை.
இரவு பகலாய் நில் நில் என்கிறான்,
அடையாள அட்டையோடு எலும்பு வரிசையில்.
அவனுக்கு எழுதின கட்டளையில்
மாறினது ஓரெழுத்து.
தகப்பனுக்கு வயது ஏற ஏற
வித்துக்குப் பிரதி எழுதும் கை
எப்போதாவது வழுக்கும்.

“அப்ப... அவளில பிழையில்லையோ?”

மாத்தளனில் அவளை மூடிப் பதினைந்து வருசம்.

“ஒருத்தரிலயும் இல்லை ஐயா. எழுத்துப்பிழை.”

உனக்கு வழுக்கி வந்தது,
உன் பிள்ளைக்கு உன்னிடமிருந்து, பாதிக்குப் பாதி,
என்று என்னிடம் திரும்பினார்.
மூச்சு, முதுகுத்தண்டு, காது
பார்த்துக்கொள்ளவேண்டியவற்றை எழுதித் தந்தார்.

நான் பாலர் வகுப்பு ரீச்சர்.
கரும்பலகையின் கீழ்ப்பாதி என்னுடையது.
கால் கழன்ற எழுத்துகளை நிறையத் திருத்தியிருக்கிறேன்.
மாலையில் துணைக்கால் விட்டுப்போனால்
மலை.
போன கிழமைதான் ஒரு பெடியன் அப்படி எழுதினான்,
வாசித்துப் பார்த்துவிட்டு
அழிக்க மனமில்லாமல் விட்டேன்.
பங்கருக்குள் எல்லோரும் குனிந்திருந்த மாதங்களில்
நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன், அதுவும் ஞாபகம் வந்தது.

முறிகண்டியில் பஸ் நின்றது.
ஐயா தேங்காய் உடைக்கப் போகவில்லை.
கச்சான் சுருளை என் மடியில் வைத்துவிட்டு
யன்னல் பக்கம் திரும்பி
அம்மாவின் பெயரைச் சொன்னார்.
தங்கேஸ்வரி.
வேறொன்றும் சேர்க்கவில்லை.