பத்து தெத்ரி

நான்கு சாவிகள் கொடுத்தார் லாமாரா.
ஒன்று தெருக்கதவுக்கு, ஒன்று வீட்டுக்கு,
ஒன்று சமையலறைக்கு.
நான்காவது எதற்கென்று
அவருக்கே நினைவில்லை.
தோளைக் குலுக்கிவிட்டு
மூன்று மாத வாடகையை எண்ணினார்,
எச்சில் தொட்டு, இரண்டு முறை.

லிஃப்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரவு பதினொன்றுக்கு
இருபத்து மூன்று கிலோ பெட்டியோடு உள்ளே நின்று
எட்டை அழுத்தினேன். அசையவில்லை.
ஏழை அழுத்தினேன், ஆறை அழுத்தினேன்,
மணியை அழுத்தினேன். அதுவும் அடிக்கவில்லை.
சுவரில் ஒரு தகரப் பெட்டி,
நெற்றியில் கீறலோடு, உண்டியல் மாதிரி.
என்னிடம் இருந்தது ஐம்பது லாரித் தாள்.

எட்டு மாடி.
திருப்பத்துக்குத் திருப்பம் விளக்கு தானாக எரிந்து
நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அணைந்தது.
ஐந்தில் யார் வீட்டிலோ மீன் பொரித்திருந்தார்கள்.
ஆறில் யாரோ பியானோவில்
ஒரே இடத்தில் இடறி இடறி
முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தார்கள்,
அந்த நேரத்தில்.

வெந்நீர்க் கொதிகலன் முதலில் இருமும்,
அப்புறம் யோசிக்கும்,
அப்புறம்தான் பற்றும்.
கண்ணாடி அலமாரியில் யாருடையதோ ஆறு கோப்பைகள்.
தொடக் கூடாது என்று
லாமாரா கையால் காட்டியிருந்தார்.
நான் தேநீர் குடித்தது பல் துலக்கும் குவளையில்.

சில்லறை தேடித்தான்
திபிலிசியைச் சுற்றத் தொடங்கினேன்.
பாலத்தடியில் பழைய பதக்கங்கள் விற்கிறவனிடம்,
பாதாளம்வரை இறங்கும் மெட்ரோ வாசலில்,
கந்தக வாடை அடிக்கும் குளியல் தெருவில்.
பெயர்ப்பலகையில் எழுத்துகள்
நம்முடையதைப் போலவே சுழிக்கின்றன.
ஆசையாய்க் கிட்டே போனால்
முகம் திருப்பிக்கொள்கின்றன.
காதில் மஞ்சள் வில்லை குத்திய நாயொன்று
ஆற்றோரம் முழுக்க கூடவே வந்தது.
ரொட்டிக்கடையில் நின்றேன். அதுவும் நின்றது.

மண்ணடுப்பின் வாய்க்குள்
இடுப்புவரை கவிழ்ந்து
தோணி தோணியாய் மாவை அறைகிறவர் கோச்சா.
தாளை நீட்டி, மேலே போவதுபோல் கை காட்டி,
பத்து பத்தாய்க் காசு வேண்டும் என்பதற்குப்
பத்து விரலையும் விரித்தேன்.

பத்து ரொட்டி கட்டிக் கொடுத்துவிட்டார்.
மீதியும் தாளாகவே வந்தது.

சுடச்சுட அத்தனையையும் மார்போடு அணைத்தபடி
லிஃப்ட் வாசலுக்கு வந்தால்
அங்கே மூன்று பேர்,
தபால் பெட்டிகளைத் துழாவிக்கொண்டு.
யாருக்கும் தபால் இல்லை.
அப்போதுதான் புரிந்தது:
காசு ஒன்றுதான், ஏறுகிறவர்கள் எத்தனை பேரானாலும்.
போடப்போகிறவருக்காகக் காத்திருக்கிறார்கள்.
என்னைப் பார்த்தார்கள்.
என் கையில் இருந்ததைப் பார்த்தார்கள்.
கேத்தோ அம்மாள் பெருமூச்சுவிட்டு,
பர்ஸைத் திறந்து, உண்டியலில் போட்டார்.
டிங்.

மூன்றில் அவர் இறங்கும்போது ஒரு ரொட்டி நீட்டினேன்.
வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கினார்.
ஐந்தில் ஒருவர், மீன்காரராக இருக்க வேண்டும்,
முனையைப் பிய்த்து வாயில் போட்டபடி போனார்.
ஆறில் இறங்கிய பெண்ணுக்குப் பதினான்கு வயது இருக்கும்,
தோளில் இசைக் குறிப்புகள் பிதுங்கும் பை.
இரண்டு எடுத்துக்கொண்டாள்.
எட்டுக்கு வந்தபோது ஆறு மிச்சம்.
மூன்று நாள் தின்றேன்.

அன்றிரவு அவள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டாள்.
நாலைந்து கட்டை தள்ளி
வேறோர் இடத்தில் விழுந்தாள்.

இப்போது ஜாம் பாட்டில் நிறையச் சில்லறை.
ஆனாலும் மாலையில் கீழே வந்தால்
தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்,
திறக்கிற சாவி
அந்த நான்காவதுதான் என்று தெரிந்துவிட்டதால்.
லாமாராவின் மின்கட்டண ரசீது இருக்கும்.
ஒரு வரியும் புரியாமல்
மெதுவாகப் படிப்பேன்,
தெருக்கதவு சத்தம் கேட்கும்வரை.

இறங்குவதற்குக் காசு கிடையாது.
காலையில் அவரவர் தனியாகத்தான் போகிறோம்.