கைக்குத் தனிக் கூலி

முகத்துக்கு நாற்பது ரூபாய்.
கை தெரிந்தால், கை ஒன்றுக்குப் பத்து.
பாதத்துக்கு நான் எதுவும் கேட்பதில்லை,
ஜோடு மாட்டிவிட்டால் அது வெறும் கறுப்புச் சாயம்.

ஜமீன்தார் திம்மராஜு மூன்று நாள் உட்கார்ந்தார்.
நான்காம் நாள் கிஸ்தி வசூல், மறுநாள் ஏகாதசி,
அப்புறம் நகரி மலையிலிருந்து
கரடி இறங்கியதாகச் சேதி.
போகும்போது மூக்கைக் கொஞ்சம் நேராக்கச் சொன்னார்.
அந்த மலைக்கும் மூக்கு உண்டு.
அவர் சொன்னது தன்னுடையதை.

"முகம்தான் ஆயிற்றே.
உடம்புக்கு எவனையாவது உட்கார வை."

எட்டியப்பனைக் கூட்டிவந்தார்கள்.
பங்கா இழுக்கிறவன். தோள் அளவு சரியாக இருந்தது.
சீமைக் கம்பளிக் கோட்டு, சங்கிலிக் கடிகாரம்,
வெள்ளிப் பூண் போட்ட தடி.
நாற்காலியில் உட்கார்ந்தான்,
பிரம்புக்கும் தனக்கும் நடுவே
ஒரு விரற்கடை காற்று விட்டு.
சாயச் சொன்னேன். சாய்ந்தான்.
வராந்தாவில் நின்ற கரணம் காறித் துப்பினார்.
எழுந்துவிட்டான்.
மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

பதினோரு நாள். சித்திரை வெயில்.
தலைக்கு மேல் பங்கா செத்துத் தொங்கியது,
இழுக்கிற ஆள் நாற்காலியில் அல்லவா இருந்தான்.

அவன் வலது மணிக்கட்டு வெளிப்பக்கம் வளைந்திருக்கும்.
ஈச்சமரத்திலிருந்து விழுந்து, புத்தூர் கட்டுப் போட்டு,
சொன்ன கெடுவுக்கு முன்பே பிரித்துவிட்டானாம்,
கயிற்றுக்கு ஆளில்லை என்று.
நேராக்க எனக்குத் தெரியும்.
மூக்குக்குச் சொன்னார்கள்,
மணிக்கட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

படம் மாட்டிய அன்று கலெக்டருக்கு விருந்து.
சுவருக்கு இந்தப் பக்கம், கயிறு வரும் ஓட்டைக்குக் கீழே
எட்டியப்பன் தரையில்.
நான் பக்கத்தில், செருப்பைக் கையில் பிடித்தபடி.
(கைகளுக்கான இருபது ரூபாயில்
அவனுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.)
உள்ளே துரைசானி ஏதோ சொன்னாள்.
திவான் அதைத் தெலுங்கில் உரக்கச் சொன்னார்:
ஆளப் பிறந்த கையாம்.

எட்டியப்பன் என்னைப் பார்க்கவில்லை.
கயிற்றை இடது கைக்கு மாற்றினான்.
பங்கா ஒரு மூச்சு நின்றது.

"காலி! காலி!" என்று கத்தினார் திம்மராஜு.
தெலுங்கில் அது காற்று.
எனக்குத் தமிழ்க் காது.