ஆறும் எட்டும்

எங்கள் டப்பாவில் எண் ஏற ஏறக் குளிர்.
ஆறு சூடு, எட்டு குளிர்,
ஏழு யாருக்கும் வேண்டாத நடுப்பிள்ளை.
இன்னொரு கம்பெனி டப்பாவில் எல்லாம் தலைகீழ்;
அது தெரியாமல் ஒரு பிஸ்டனைத் தின்னக் கொடுத்தோம்.

குளிர் பிளக் என்றால் குளிர்ந்திருப்பது அல்ல.
வாங்கிய சூட்டை வாங்கிய கையோடு
சிலிண்டர் தலைக்குத் தள்ளிவிடும் ஊதாரி, எட்டு.
ஆறு கருமி. நீண்ட பீங்கான் மூக்கு.
சூடு வெளியேற வழி தேடி அலைவதற்குள்
நுனி சிவந்துவிடும்.
சிவந்த நுனி பொறிக்குக் காத்திராது.
பிஸ்டன் பாதி ஏறும்போதே
தானே கொளுத்திவிடும்.

ஹில்க்காவின் பழைய சாப் வண்டிக்குப்
பெரிய டர்போ மாட்டிய நாளிலிருந்து ஆறு ஆகாது.
எழுபத்தைந்து, நூறு குதிரை கூடினால்
ஒரு படி குளிர். அதுதான் கணக்கு.
நாங்கள் நூற்றெழுபது கூட்டியிருந்தோம்.
எட்டு என்றாள். எட்டுதான்.

ஆனால் பிப்ரவரி.
குவோபியோவுக்கு வடக்கே உறைந்த ஓர் ஏரி.
விடியலில் மைனஸ் இருபத்தெட்டு.
எட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினால்
நாலும் பெட்ரோலில் நனைந்து
மை கரைந்த கண்களாய் வெளியே வரும்.

ஆகவே ஆறில் எழுப்பு.
இருபது நிமிடம் உறுமவிடு.
வரிசையில் நிற்கும்போதே ஆறைக் கழற்று, எட்டைப் பூட்டு.
அதுவரை எட்டுகள் என் சட்டைப்பையில்,
கம்பளிக்கும் தோலுக்கும் நடுவே.
கழற்றும் ஆறு கையுறையைத் தாண்டிச் சுடும்.
தவறி விழுந்தால் பனியில்
சுர்ரென்று ஒரு குழி, அவ்வளவுதான்.

அன்று முன்னால் நின்ற வோல்வோ கிளம்பவில்லை.
கொடிக்காரர் வெய்க்கோ விசிலடித்தார்,
வரிசை சட்டென்று நகர்ந்தது.
ஒன்று, இரண்டு, நான்கு.
மூன்றாவதன் மேல் ஒரு குழாய் குறுக்கே;
அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன்.
பானெட்டை அறைந்து சாத்தினேன்.
ஹில்க்கா கட்டைவிரல் காட்டினாள். போனாள்.

கரையேறி பிளாஸ்கைத் திறக்கும்போது
நெஞ்சில் ஏதோ உறுத்தியது.
கையை விட்டேன்.
ஓர் எட்டு.
என் உடம்புச் சூட்டில், அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி.

ஆறு சுற்று.
நிறுத்துவதற்குக் கொடி உண்டு, வெய்க்கோவிடம்.
ஓடினேன் என்று எழுத ஆசைதான்.
ஓடவில்லை.
அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள்.

காதை மட்டும் நீட்டினேன்.
தகர டப்பாவில் ஆணி குலுங்குகிற சத்தம்,
அது கேட்டால் முடிந்தது.
ஆனால் ஆணி டயர்கள் பனியைக் கிழிக்கும் ஏரியில்
எந்த ஆணி எதுவென்று யார் கண்டார்.

ஐந்தாம் சுற்று, நீண்ட நேர்வழி.
அவள் காலை எடுத்தாள்.
பார்ப்பவர்களுக்கு ஒன்றுமில்லை,
வண்டி ஒரு மூச்சு விட்டது போல.
பச்சை எஸ்கார்ட் ஒன்று தாண்டியது. பிறகு இன்னொன்று.
நான்காவதாக வந்தாள்.

சாயங்காலம் வேனுக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தோம்.
மூன்று எட்டும் பால் கூடிய காப்பி நிறம்.
ஆறு மட்டும் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது,
அதன் மேல் ஊசிமுனைப் புள்ளிகள், வெள்ளியாய்.
வெள்ளி அல்ல. பிஸ்டன்.

“எப்படித் தெரிந்தது?” என்றேன்.
“பெடலில். எறும்பு நடக்கிற மாதிரி.”
தபால் வண்டி ஓட்டுகிறவள்.
நாளெல்லாம் ஒரே இன்ஜினைப் பாதத்தால் கேட்கிறவள்.

பையிலிருந்து அந்த எட்டை எடுத்து
அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
“சூடா இருக்கே,” என்றாள்.
கொஞ்சம் கழித்து,
“உனக்கு எப்போது தெரிந்தது?”

வீட்டுக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர்.
ஈசல்மி தாண்டிய பிறகு சொன்னேன்,
“முதல் சுற்றில்.”

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்
அவள் ஹீட்டரை ஒரு படி குறைத்தாள்.