நடுத்துண்டு

களுவாஞ்சிகுடி பஸ் தரிப்புக்கு முன்னால்
எங்கள் சாப்பாட்டுக் கடை.
பதினொன்றரைக்கே குகதாசண்ணன் வந்துவிடுவார்,
விசிறிக்குக் கீழே உள்ள மேசைக்கு.
சுவிசிலிருந்து லீவில் வந்த யாராவது
கூட இருப்பார்கள். பில் அவர்களுடையது.

"மறுகா என்ன நடந்த தெரியுமா" என்று
அவர் தொடங்கும்போது
நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருப்பேன்.

குடும்பிமலைக் காடு. மழை. மூன்று நாள் பட்டினி.
இராத்திரி நெருப்பு மூட்டி
மான் சுட்டுத் தின்றார்களாம்.
நெருப்பா?
ஒரு பீடித் தணலுக்கே ஆள் போன காடு அது.
சீனி போட்டுப் பிசைந்த பச்சை மாவைத்தான் நாங்கள்
சரி, அதை விடுவோம்.

சோற்றுக் கரண்டியைத் தூக்கித்
தோளில் வைத்துக் காட்டுகிறார்.
கன்னம் அதில் படவேயில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது,
அப்பளத்தை நொறுக்கிச் சமாளித்தேன்.

முழங்கையில் அந்த வடு. செல் துண்டாம்.
டோகாவில் டைல்ஸ் வெட்டும் மெசின் அது.
கம்பெனி ஏழு மாதச் சம்பளம் தராமல்
பிளேன் ஏற்றிவிட்ட கதையை
அவர் தங்கச்சி கச்சான் உரித்தபடி சொல்லியிருக்கிறாள்.
அதையே சொல்லலாம் அவர்.
சொன்னால் யார் மீன் பொரியல் வாங்கிக் கொடுப்பார்கள்?

என்னை இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன்:
அந்த வருசங்களில் கட்டுநாயக்காவில்
கார்மென்ட்ஸ் வேலை.
நூல் நம்பர், லைன் நம்பர், சூப்பர்வைசரின் பெயர்
எல்லாம் பாடம்.

"தங்கச்சிக்கு இந்தக் கதையெல்லாம் விளங்காது.
கொஞ்சம் சொதி விடுங்க."
விட்டேன்.
குனியும்போது இடுப்புக்குள் இரும்பு
ஒரு தரம் திரும்பிப் படுத்தது.

இன்றைக்குப் புதுசாக ஒரு பெயர் சொன்னார்.
எங்கே பொறுக்கினாரோ,
எந்தச் சாவு வீட்டிலோ.
இளவேனி.

"ஒரு சத்தமும் இல்ல. நெத்தியில ஒண்டு.
சரிஞ்சா. அவ்வளவுதான்.
முகம் சிரிச்சபடி."

விடியும் வரைக்கும் இருந்தாள் அவள்.
தண்ணீர் கேட்டாள்.
வயிற்றுக் காயத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று
படிப்பித்திருந்தார்கள். கொடுக்கவில்லை.
ரோந்து போனது பக்கத்தில்.
முனகல் வெளியே கேட்காமல்
அவள் வாயைப் பொத்தியிருந்த இந்தக் கையால்
செப்பலிப் பொரியலில் நடுத்துண்டாய்ப் பார்த்து எடுத்தேன்.
கேட்காமலே குகதாசண்ணனின் கோப்பையில் வைத்தேன்.

சுவிஸ்காரர் "பில்லில போடுங்க" என்றார்.
"அது கணக்கில்ல."

குகதாசண்ணன் நிமிர்ந்தார்.
என் முகத்தில்
கொஞ்சம் கூடுதலாக நின்றது அவர் கண்.
பிசைந்த சோறு விரலிலேயே இருந்தது.

"திரும்பச் சொல்லுங்க அண்ணன்" என்றேன்,
"அந்த நெத்தியில பட்ட இடத்திலயிருந்து."