பக்கம் 44 பார்க்க

வின்டர்தூரில், தண்டவாளம் தெரிகிற நாலாம் மாடியில்
எனக்கு வேலை:
காப்புறுதி இழப்பீடு கேட்கிறவர்
எந்தத் திரையில் எதை நிரப்ப வேண்டும் என்று
ஜெர்மனில் எழுதி வைப்பது.
ஆறு வருஷம், நாலு பதிப்பு.
வாசித்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

தலைக்குள் அது வியங்கோளில்தான் ஓடும்.
திறக்க. தெரிவு செய்க. இணைக்க.
வாழ்க, ஒழிக போல
ஆள் யாரென்று தெரியாமலே சொல்லிவிடலாம்.
மூவிடத்துக்கும் பொது என்று
பள்ளியில் பாடமாக்கியது
இந்த உத்தியோகத்துக்கு என்று அப்போது தெரியாது.

பயனர் என்று ஒருவரை வைத்திருக்கிறேன்.
அவருக்குச் சுட்டி உண்டு, கை இல்லை.
சேதத் திகதியை உள்ளிடுவார்.
'தொடர்க'வை அழுத்துவார்.
அடுத்த திரை வரும்.
அவருக்கு எதுவும் நனைவதில்லை.

பெப்ரவரியில் ஒரு வியாழன், நான் வேலையில் இருக்க,
என் பாத்திரம் கழுவும் மெஷினின் குழாய் கழன்று
கீழ்வீட்டு எக்லியின் உட்கூரை வழியே
தண்ணீர் மேசைக்கு இறங்கியது.
மேசையில் இரண்டாயிரம் துண்டுப் படப்புதிர்.
ஒன்பது கிழமை வேலை.
துறைமுகம் முடிந்துவிட்டது, கப்பல்களும்.
மிச்சம் வானம்.

சனிக்கிழமை மடிக்கணினியோடு போனேன்.
கதவைத் திறந்த கையில் என் கையேடு.
நூலகத்தில் அச்செடுத்து, மூலையில் பின் அடித்து,
பென்சிலால் கோடு கோடாக.
எழுதியது நானென்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் முந்திவிட்டார்:
"இதை எழுதினவர் ஒருநாளும்
ஒன்றையும் துலைச்சதில்லைப் போல."
வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் பக்கத்தில் இருந்து நிரப்பினோம்.
பொருள்: படப்புதிர்.
பெறுமதி: ஐந்து பிராங், பழஞ்சாமான் கடையில்.
பற்றுச்சீட்டை இணைக்க.
இல்லை.
சிவப்பில் ஒரு வரி:
இந்தக் கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது.
அவர் பக்கம் முப்பத்தொன்றை எடுத்தார்.
பற்றுச்சீட்டு இல்லாதவிடத்து, பக்கம் 44 பார்க்க.
நாற்பத்துநான்கு சொன்னது:
பற்றுச்சீட்டு தொடர்பாக, பக்கம் 31 பார்க்க.
மறுபடி புரட்டினார். மறுபடி.
கோபமில்லை. இந்தத் துண்டு பொருந்துமா என்று
திருப்பித் திருப்பிப் பார்க்கிறவரின் பொறுமை.
திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.
"நான்தான் எழுதினேன்" என்றேன்.

கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு
"அப்ப பன்னிரண்டாம் பக்கத்திலையிருந்து தொடங்குவம்."

பதினேழு பிழை.
இரண்டு பிழையே அல்ல என்று வாதாடினேன்.
ஒன்றில் வென்றேன்.
இருட்டின பிறகு கோப்பி போட்டுத் தந்தார்,
சீனி கேட்காமலே இரண்டு கரண்டி.
ஊறி உப்பிய கப்பல்களுக்கு மேல்
வானம் வரவேண்டிய இடத்தில் வெறும் மேசை,
அதற்கு நேர் மேலே
என் வீட்டின் பழுப்புக் கறை.

திங்கள் ரெட்டோ சொன்னான்:
ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற சிக்கல்,
கட்டம் அப்படியே இருக்கட்டும்,
அடுத்த காலாண்டில் பார்ப்போம்.
கையேட்டை மட்டும் தொட எனக்கு அனுமதி.
தொட்டேன். பக்கம் 31:
பற்றுச்சீட்டு இல்லையா?
ஒரு தாளில் நடந்ததை எழுதுங்கள்,
கையொப்பமிட்டு, படமெடுத்து, இணையுங்கள்.
வியங்கோள் வரவில்லை.
எதிரே ஒரு முகம் இருந்தது.

திருத்தப் பதிவேட்டில் 'கோரியவர்' என்றொரு பட்டியல்.
சட்டம். விற்பனை. தரம்.
எக்லி இல்லை.
'ஏனையவை' என்று தெரிந்தேன்.

ஐந்து பிராங் பதினொரு நாளில் வந்ததாம்.
புதிதாய் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார்,
மூவாயிரம் துண்டு, முழுக்கப் பனிவெளி.
மேசையைச் சுவரோரம்,
என் குசினிக்குக் கீழில்லாத பக்கமாய்த்
தள்ளிப் போட்டிருக்கிறார்.